இலையின் இடது ஓரம்

ராத்திரி ஏழு மணி. காபி குடித்துக்கொண்டே பேப்பர் படிக்கிறீர்கள். டம்ளரைப் பக்கத்து ஸ்டூலில் வைக்கிறீர்கள். சட்டென்று கரண்ட் போய்விடுகிறது. வீடே கும்மிருட்டு. ஆனாலும் உங்கள் கை நேராகப் போய் டம்ளரைப் பிடித்துவிடுகிறது. துழாவவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை.

கண் எதையும் பார்க்கவில்லை. அப்படியானால் அந்த டம்ளர் இருந்த இடம், அந்தச் சில வினாடிகள் எங்கே பத்திரமாக இருந்தது?

நெற்றிக்குப் பின்னால் இருந்தது என்பதுதான் விடை. இது இரண்டு வருஷம் முன்புவரை எனக்குத் தெரியாது. நில அளவைத் துறையில் 32 வருஷம் வேலை பார்த்தவன் நான். இடம், எல்லை, வரைபடம் இவைதான் என் பிழைப்பு. மண்டைக்குள்ளும் ஒரு சர்வே ஓயாமல் நடக்கிறது என்பதை என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அக்காவுக்கு அப்போது 74 வயது. அத்தான் காலமாகி வருஷம் ஆகிவிட்டது. மகன், மருமகளோடு இருக்கிறாள். ஒரு நாள் காலையில் பால் பாத்திரம் இடது கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது. மருமகள்தான் முதலில் கவனித்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூளையின் வலது பக்கம், முன்பகுதியில் ரத்தக் குழாய் அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்தது. நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுபோனதால் உயிருக்கு ஆபத்தில்லை. பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். பேச்சு தெளிவாக இருந்தது. மெதுவாக நடந்தாள். பழைய கதையெல்லாம் சொன்னாள். எல்லோரும் நிம்மதி அடைந்தோம்.

வீட்டில் சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது.

ஆடி அமாவாசைக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். இன்னும் நாலைந்து உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். இலை போட்டாயிற்று. வாழை இலை போடுகிற முறை உங்களுக்குத் தெரியும். நுனி சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம் வரவேண்டும். உப்பு, ஊறுகாய், பச்சடி எல்லாம் அந்த இடது ஓரத்தில். மருமகள் எல்லாம் முறையாகத்தான் பரிமாறினாள். அக்கா நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு சத்தமாகவே சொன்னாள்: "எல்லாருக்கும் உப்பு, ஊறுகா வெச்சிருக்கு. எனக்கு மட்டும் கெடையாது. கட்டினவரு போயிட்டா இலையில கூட பாதிதான் போல."

எல்லோரும் அக்காவின் இலையைப் பார்த்தார்கள். உப்பு இருந்தது. ஊறுகாய் இருந்தது. தயிர்ப் பச்சடியும் இருந்தது. இலையின் வலது பாதி துடைத்துவிட்டது போல் காலியாக இருந்தது. இடது பாதியைக் கை தொடவே இல்லை. மருமகள் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒரு பெரியம்மா, "வயசானா இப்படித்தான், மருமக மேல ஏதாவது சொல்லணும்" என்று முணுமுணுத்தார். இன்னொருவர் மருமகளை ஒரு மாதிரி பார்த்தார். அன்று அந்தப் பெண் சாப்பிடவே இல்லை.

பிறகு விசாரித்ததில் பல விஷயங்கள் தெரிந்தன. தினமும் தட்டில் இடது பக்கத்துச் சோறு அப்படியே மிஞ்சுகிறதாம். சேலையில் இடது தோளைச் சரிசெய்துகொள்வதில்லை. வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, "இங்க யாரு இதை வெச்சது?" என்று கேட்கிறாள். இடது பக்கம் நின்று பேரன் கூப்பிட்டால் பதில் இல்லை. வலது பக்கம் வந்து கூப்பிட்டால் கொஞ்சுகிறாள். மகன் முதலில் கண்ணில் கோளாறு என்று நினைத்திருக்கிறான். ஏற்கெனவே காட்ராக்ட் ஆபரேஷன் செய்த கண்தான். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கண் நன்றாக இருக்கிறது என்றதும் வீட்டில் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. வேண்டுமென்றே செய்கிறாள், இல்லாவிட்டால் புத்தி பிசகிவிட்டது. இரண்டில் ஒன்று என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண்தான் முடிச்சை அவிழ்த்தார். ஒரு தாளில் குட்டிக் குட்டிக் கோடுகளாகச் சிதறிப் போட்டு, "எல்லாக் கோட்டையும் குறுக்கே அடிங்கம்மா" என்றார். அக்கா பொறுமையாக அடித்தாள். முடிந்ததா என்று கேட்டதற்கு, "எல்லாம் அடிச்சாச்சு" என்றாள். தாளின் வலது பாதியில் ஒரு கோடு விடவில்லை. இடது பாதியில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடுத்து ஒரு புள்ளிக் கோலம் போடச் சொன்னார். மார்கழியில் தெருவையே அடைத்துக் கோலம் போட்டவள் என் அக்கா. சிக்கு பிசகாமல் வலது பாதியைப் போட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தாள்.

"இதுக்கு நெக்லெக்ட்னு பேரு சார்" என்றார் அந்தப் பெண். புறக்கணிப்பு. அந்த வீட்டில் யார் யாரைப் புறக்கணிக்கிறார்கள் என்று ஒரு மாதமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. வியாதியின் பெயரே அதுதான்.

பார்வை போவது வேறு, இது வேறு. பார்வைப் புலத்தில் பாதி போனவருக்கு, பாதி தெரியவில்லை என்று பெரும்பாலும் தெரியும். தலையைத் திருப்பிப் பார்த்துச் சமாளிப்பார். புறக்கணிப்பு வந்தவருக்கு ஏதோ குறைகிறது என்பதே தெரியாது. அவரைப் பொறுத்தவரை உலகம் முழுசாகத்தான் இருக்கிறது. அதனால்தான் தேடமாட்டார். உப்பு வைக்கவில்லை என்று அக்கா சொன்னது பொய் இல்லை. அவள் அறிந்த இலையில் உப்பு இல்லை.

அன்றிலிருந்து நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மருமகப்பிள்ளை இன்டர்நெட்டில் எடுத்துக் கொடுத்தார். புரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

கண்ணில் விழும் காட்சி முதலில் போய்ச் சேருவது மூளையின் பின்புறத்துக்கு, அதாவது பிடரிக்குச் சற்று மேலே. அங்கே ஒரு வரைபடம் இருக்கிறது. இதைத் தெளிவாக அளந்து சொன்னவர்களில் ஒருவர் தத்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் டாக்டர். 1904-05 ரஷ்ய-ஜப்பான் போரில் தலையில் குண்டு துளைத்தும் பிழைத்த சிப்பாய்களின் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அதை வைத்துத்தான் அவர்களுக்குப் பென்ஷன். குண்டு எந்த வழியாகப் போனது, பார்வையில் எந்த மூலை இருண்டது என்று ஒப்பிட்டு, 1909-ல் புத்தகமாகவே வெளியிட்டார். பென்ஷன் வேலையில் இப்படியும் ஒரு நன்மை விளைந்திருக்கிறது!

ஆனால் அக்காவுக்குப் பின்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. அடைப்பு முன்பக்கம். முன்மூளைக்கும் பார்வைக்கும் என்ன சம்பந்தம்?

1873-ல் இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர் என்ற டாக்டர், யார்க்ஷயரில் ஒரு மனநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளின் மூளையில் லேசான மின்சாரம் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார். குரங்கின் முன்மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால், கண்கள் அகல விரிந்து, தலையும் கண்ணும் எதிர்ப்பக்கம் திரும்பின. வலது மூளையைத் தொட்டால் இடது பக்கம். கண்ணைத் திருப்புகிற அந்த இடத்துக்குப் பின்னாளில் 'ஃப்ரன்டல் ஐ ஃபீல்ட்' என்று பெயர் வந்தது. கை காலை அசைக்கும் பகுதிக்குச் சற்று முன்னால் இருக்கிறது.

நாம் ஒரு காட்சியை முழுசாகப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கூர்மையாகத் தெரிவது மிகச் சிறிய வட்டம்தான். கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த அளவுதான். அதனால் கண் வினாடிக்கு மூன்று தடவை போல இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. அடுத்து எங்கே தாவுவது என்று முடிவு செய்வதில் அந்த முன்பகுதிக்குப் பெரிய பங்கு. 1985-ல் சார்லஸ் புரூஸ், மைக்கேல் கோல்ட்பெர்க் குழுவினர் அங்கே இன்னும் மெல்லிய மின்சாரம் செலுத்தி நுணுக்கமாக அளந்தார்கள். ஒரு புள்ளியைத் தொட்டால் கண் ஒரு குறிப்பிட்ட திசையில், ஒரு குறிப்பிட்ட தூரம் தாவும். வேறு புள்ளி என்றால் வேறு திசை, வேறு தூரம். ஒரு ஓரத்தில் சின்னத் தாவல்கள், இன்னொரு ஓரத்தில் பெரிய தாவல்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் சங்கிலி வேலையேதான். வயலில் நிற்கிற இடத்திலிருந்து எந்தப் பக்கம், எத்தனை லிங்க் என்று குறிப்போம். இந்த முன்மூளையும் அதே மாதிரி, கண் இப்போது நிற்கிற இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. ஒரே வித்தியாசம், இங்கே வினாடிக்கு மூன்று தடவை கல் மாற்றி நடுகிறார்கள்.

இப்போது காபி டம்ளருக்கு வருவோம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பெட்ரிஷியா கோல்ட்மன்-ரகீச் என்று ஓர் அம்மையார். அவரும் ஷிண்டாரோ ஃபுனஹாஷி, சார்லஸ் புரூஸ் ஆகியோரும் 1989-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். குரங்கு ஒரு திரையின் நடுப்புள்ளியைப் பார்த்தபடி இருக்கவேண்டும். சுற்றிலும் எட்டு இடங்களில் ஏதாவது ஒன்றில் அரை வினாடி ஒரு விளக்கு மின்னி மறையும். குரங்கு உடனே அங்கே பார்க்கக் கூடாது. சில வினாடிகள் பொறுத்திருந்து, நடுப்புள்ளி அணைந்ததும், விளக்கு எரிந்த இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால் பரிசு.

அந்தக் காத்திருக்கும் நேரத்தில் திரையில் ஒன்றுமே இல்லை. ஆனால் முன்மூளையில் சில நரம்பணுக்கள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு நரம்பணு இடது மேல் மூலைக்கு மட்டும் துடிக்கும்; இன்னொன்று வலது கீழ் மூலைக்கு. காலி இடத்தை ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கு போட்டுக் காவல் காத்தன. பெரும்பாலும் வலது மூளை இடது பக்கத்தை, இடது மூளை வலது பக்கத்தை. இடையில் துடிப்பு தளர்ந்துபோனால் குரங்கு தவறான இடத்தைப் பார்த்தது. பின்னர் ஒரு பக்க முன்மூளையில் அந்தப் பகுதியை நீக்கிப் பார்த்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் குரங்கு சரியாகப் பார்த்தது. அணைந்த விளக்கின் இடத்தைத்தான், அதுவும் எதிர்ப்பக்கம் இருந்தால், பிடித்துவைக்க முடியவில்லை. அந்த அம்மையார் 2003-ல், தெருவைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனார்.

முன்மூளை கண்ணைத் திருப்புவதோடும் நினைவில் வைப்பதோடும் நிற்பதில்லை. பார்வைக்கே கூர் ஏற்றுகிறது. 2003-ல் டிரின் மூர், கேத்தரின் ஆர்ம்ஸ்ட்ராங் இருவரும் கண் அசையாத அளவுக்கு மிக மெல்லிய மின்சாரத்தை அந்தக் கண் திருப்பும் இடத்தில் கொடுத்தார்கள். கண் நகரவில்லை. ஆனால் பின்மூளைப் பக்கம், அதே திசையைக் கவனிக்கும் நரம்பணுக்கள், அங்கே இருந்த பொருளுக்கு முன்னைவிடப் பலமாகத் துடித்தன. பின்னால் இருப்பது படம் என்றால், முன்னால் இருப்பவர் டார்ச் அடிப்பவர். டார்ச் விழாத பாதி, இருந்தும் இல்லாததுதான்.

பெரும்பாலும் இடது பக்கமே காணாமல் போவது ஏன் என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. இடது மூளை வலது பக்கத்தை மட்டும் கவனிக்கிறது. வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடது மூளை அடிபட்டால் வலது மூளை ஓரளவு ஈடுகட்டும். வலது மூளை அடிபட்டால் இடது பக்கத்துக்கு ஆளில்லை. புறக்கணிப்பு அதிகமாக வருவது மூளையின் மேல்புறப் பின்பகுதி அடிபடும்போது. ஆனால் முன்பகுதி அடிபட்டாலும் வரும் என்று 1972-லேயே கென்னத் ஹைல்மன், எட்வர்ட் வாலன்ஸ்டைன் என்ற டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு அதிகம் வியப்பளித்தது மிலான் நகரத்துச் சோதனை. 1978-ல் எட்வார்டோ பிசியாக், கிளாவுதியோ லுட்ஸாட்டி இருவரும் இடது பக்கம் புறக்கணிக்கும் இரண்டு நோயாளிகளிடம், ஊரின் நடுவில் இருக்கும் பெரிய தேவாலயச் சதுக்கத்தை மனசில் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டபோது வலது பக்கத்துக் கட்டடங்களைச் சொன்னார்கள். தேவாலயப் படியில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டபோது, முன்பு விட்டுப்போன பக்கத்தைச் சொன்னார்கள். முன்பு சொன்னது மறைந்துவிட்டது! 1993-ல் ரோம் நகரத்தில் இன்னொரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு அடிபட்டது வலது முன்மூளை. கண்ணால் பார்க்கும்போது இரண்டு பக்கமும் சரியாகத் தெரிந்தது. நினைத்துப் பார்க்கும்போது மட்டும் இடது பக்கம் இல்லை.

படித்த கையோடு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். வலது பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, நம்ம ஊர் சன்னதித் தெருவை நெனச்சுக்கோ. தெப்பக்குளத்துப் பக்கம் நின்னு கோபுரத்தைப் பார்க்கிற. என்னென்ன வீடு, கடை, சொல்லு பார்ப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பாத்திரக் கடை, ஓட்டு வீட்டு வாத்தியார், வெற்றிலைக் கடை, தேர் முட்டி. எல்லாம் வலது சாரி. 50 வருஷத்துக்கு முந்தின தெரு, ஒரு வீடு தப்பவில்லை. இடது சாரியில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு இடது சாரியில்தான் இருந்தது.

"சரி, இப்ப கோயில்லேர்ந்து வெளியே வர்ற. கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நிக்கற. இப்ப சொல்லு."

"நம்ம வீடு. திண்ணையில அப்பா உக்காந்திருக்கார்" என்றாள் முதலில்.

மருமகள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "அப்ப அத்தை என்னைக் குத்திக் காட்டணும்னு சொல்லலையா மாமா?" என்றாள். இல்லையம்மா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தைக்கு ஹார்லிக்ஸ் கலக்கப் போனாள்.

இதற்கு மாத்திரை என்று பெரிதாக எதுவும் தரவில்லை. பயிற்சிதான். தட்டின் இடது ஓரத்திலும், பேப்பரின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டினார் அந்தப் பிசியோதெரபிப் பெண். சிவப்பு தெரிகிறவரை தலையைத் திருப்ப வேண்டும். தெரிந்த பிறகுதான் சாப்பாடு, வாசிப்பு. பேசுகிறவர்கள் வலது பக்கத்தில் ஆரம்பித்து, பேசிக்கொண்டே மெல்ல இடது பக்கம் நகர வேண்டும். பேரனுக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. வெளிநாடுகளில் பட்டகக் கண்ணாடி மாட்டியும் பயிற்சி கொடுக்கிறார்கள். அதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைப்பதில்லை. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு வலது பக்கம் ஒரு கண்ணாடியைக் காட்டிப் பார்த்தார். இடது பக்கத்துப் பேனா கண்ணாடியில் தெரிந்தது. சில நோயாளிகள் இடது பக்கம் திரும்பாமல், கண்ணாடிக்குள்ளேயே கையை விட்டு எடுக்கப் பார்த்தார்களாம். அறிவுக்குக் குறைவில்லாதவர்கள்தான். இடது என்ற திசையே அவர்கள் கணக்கில் இல்லை.

அக்காவுக்கு ஆறு மாதத்தில் பெருமளவு சரியாகிவிட்டது. முழுசாக என்று சொல்ல முடியாது. அசதியாக இருக்கும் நாளில் இன்னமும் இடது பக்கம் கொஞ்சம் சோறு மிஞ்சும். இப்போது அவளே தட்டை அரை வட்டம் சுற்றிவிடுகிறாள். அப்படிச் சுற்றினதும் புதுசாகச் சோறு வந்த மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறாள். உப்பு இல்லை என்று தோன்றினால், "சிவப்புக் கோடு எங்கடி?" என்று மருமகளைத்தான் கேட்கிறாள்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டில் என் வயதுக்காரர்கள் இருப்பார்கள். திடீரென்று வாய் கோணல், ஒரு கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர் தட்டில் பாதியை விட்டுவிட்டு எழுந்தாலோ, முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்துகொண்டாலோ, ஒரே தோளை நிலையில் இடித்துக்கொண்டாலோ, பிடிவாதம் என்று கோபப்படாதீர்கள். டாக்டரிடம் இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்டால் ஒழிய நோயாளி சொல்லமாட்டார், ஏனென்றால் அவருக்கே தெரியாது. தட்டை மட்டும் மெதுவாகத் திருப்பி வையுங்கள்.